எண்ட்கேம்: முதல் தடவை அப்பாவோடு தமிழில் பார்ப்பதா, நண்பர்களோடு ஆங்கிலத்தில் பார்ப்பதா?

லேத்துப்பட்டறை மகன் (20 ஏப்ரல் 2019, சனி இரவு)

எல்லாருக்கும் வணக்கம். மார்வெலின் அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் படம் வர இன்னும் ஆறு நாள்தான். இங்கே யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும், நானும் தூங்கவில்லை. ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுரை, வேலை சென்னையில். 18ஆம் தேதி ஓட்டுப் போட ஊருக்கு வந்தேன். அன்றைக்கே மீனாட்சியம்மன் தேரோட்டம், அதனால் எங்கள் தொகுதியில் மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப்பதிவு. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். அந்தக் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா திடீரென்று கேட்கிறார்: "அந்த ஆளு ஆகாசத்துல தனியா மிதந்துக்கிட்டு இருந்தானே, பூமிக்கு வந்து சேர்ந்துருவானாப்பா?" டிசம்பரில் வந்த முதல் ட்ரெய்லரை என் போனில் காட்டியிருந்தேன். அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் தன் ஹெல்மெட்டைப் பார்த்துக் காதலி பெப்பரிடம் பேசுவாரே, சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்துவிட்டது, நாளைக் காலையில் ஆக்ஸிஜனும் தீரும் என்று, அது. நாலு மாதமாக அது அவர் மனதிலேயே இருந்திருக்கிறது.

அப்பா லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். முதல் அயர்ன் மேனைப் பல வருடம் முன்னால் டிவியில் தமிழில் பார்த்தோம். குகைக்குள் அடைபட்ட மனிதன் ஏவுகணையை உடைத்து, அந்த இரும்பை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துக் கவசம் செய்கிற இடம் வந்ததும் அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். "இவன் தொழில் தெரிஞ்சவன்டா" என்றார். அன்றிலிருந்து டோனி எங்கள் வீட்டு ஆள் மாதிரி. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எல்லாப் படத்தையும் தமிழில்தான் பார்த்தோம். போன வருடம் இதன் முந்தைய பாகமான இன்ஃபினிட்டி வாரை மதுரைத் தியேட்டரில் ஒன்றாகப் பார்த்தோம், தமிழ்ப்பட ஸ்டிரைக் முடிந்த கையோடு வந்தது, நல்ல கூட்டம். வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கிப் பாதி உயிர்களை அழித்ததில் ஸ்பைடர்மேன் பீட்டர், அந்தப் பையன், டோனி கையில் தூளாகிப் போனதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், அலுவலக நண்பர்கள் 26ஆம் தேதி காலைக் காட்சிக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் போடப் போகிறார்கள், ஆங்கிலம், ஐமேக்ஸ் பெரிய திரை. அப்பா ஞாயிற்றுக்கிழமைதான் பட்டறையை மூடுவார். வெள்ளிக்கிழமை நான் பார்த்துவிட்டு ஞாயிறு வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இல்லை மூன்று நாள் கண்ணையும் காதையும் பொத்திக்கொண்டு இருந்து, முதல் தடவையே அவரோடு தமிழில் பார்ப்பதா? தமிழில் டோனிக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருக்கிறார், ப்ரோமோவைக் கேட்டதும் அப்பா, "இது நம்ம சேதுபதி குரல்ல? அப்ப பழைய ஆளு என்ன ஆனாரு?" என்று கேட்டார். அதுவும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஐமேக்ஸ் அன்பன் (20 ஏப்ரல், நள்ளிரவு)

நண்பா, தயங்காமல் வெள்ளிக்கிழமை போய்விடு. நான் ரசிகனாக மட்டும் பேசவில்லை, காரணம் இருக்கிறது. இன்ஃபினிட்டி வாரும் இந்தப் படமும் முழுக்க முழுக்க ஐமேக்ஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. மற்ற படங்களில் சண்டைக் காட்சிக்கு மட்டும் திரை மேலும் கீழும் விரியும், இதில் தொடக்கத்திலிருந்து கடைசி வரை அப்படியே இருக்கும். சாதாரணத் திரையில் பார்ப்பதைவிட 26 சதவீதம் வரை கூடுதல் படம் தெரியும் என்று அவர்களே சொல்கிறார்கள். சென்னையில் வடபழனியிலும் வேளச்சேரியிலும் அந்தத் திரை இருக்கிறது, மதுரையில் இல்லை. மூன்று மணி நேரம் ஒரு நிமிடம் ஓடப்போகிற படம், 2008இல் தொடங்கிய மார்வெல் கதைக்கு 22ஆவது படம், அதை எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்களோ அப்படியே ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நீ மூன்று நாள் தாக்குப்பிடிக்க மாட்டாய். சீனாவில் 24ஆம் தேதியே வெளியாகிறது. இந்த வாரம் ஏற்கெனவே படத்தின் சில துண்டுகள் திருட்டுத்தனமாக வெளியே வந்துவிட்டன. இயக்குநர்கள் ரூஸோ சகோதரர்களே கடிதம் போட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள், முடிவை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று. படம் எடுத்தவர்களுக்கே இந்த பயம் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? வாட்ஸ்அப்பில் எவனோ ஒருவன் அனுப்பும் ஒரே ஒரு படம் போதும், பதினோரு வருடக் காத்திருப்பு போய்விடும். எனக்குப் போன வருடம் அது நடந்தது. யார் யார் சாகிறார்கள் என்ற பட்டியல் கல்லூரி குரூப்பில் வந்து விழுந்தது, முந்தின இரவு. தியேட்டரில் எல்லாரும் அதிர்ந்து உட்கார்ந்திருந்தபோது நான் மட்டும் அடுத்தது யார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வெள்ளி பார், ஞாயிறு அப்பாவோடு திரும்பப் பார். இரண்டாவது தடவை நீ திரையைப் பார்க்க வேண்டாம், அவர் முகத்தைப் பார்க்கலாம்.

தேன்குரல் (21 ஏப்ரல், ஞாயிறு காலை)

தம்பி, நான் டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு உதவியாளராகச் சில வருடம் இருந்தவள். இந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, பொதுவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டோனி ஸ்டார்க்குக்குத் தமிழ் பேசுவது லேசான வேலை இல்லை. அந்த மனிதர் ஒரு மூச்சில் மூன்று வாக்கியம் பேசுவார், நடுவில் முழுங்குவார், பேச்சை வெட்டி வேறு பக்கம் போவார். ஆங்கிலத்தில் நாலு சொல்லில் முடிவது தமிழில் ஏழெட்டுச் சொல் ஆகும். அதோடு நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும். அதனால் நடிகர் கண் கலங்குகிற இடம் ஒன்று, நம் வாக்கியத்தில் கனமான சொல் வருகிற இடம் இன்னொன்று என்று ஆகிவிடும். வசனம் எழுதுகிறவர் சொற்களை முன்னே பின்னே நகர்த்தி அந்த இரண்டையும் சேர்க்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம மாதிரி எழுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஹெல்மெட் போட்டிருக்கும் காட்சிகளில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். இந்தத் தடவை வசனம் ஏ.ஆர். முருகதாஸ். பெண் உளவாளி பிளாக் விடோவுக்குக் குரல் ஆண்ட்ரியா.

விஜய் சேதுபதி குரலைப் பற்றி இங்கே நிறைய பேர் கோபமாக எழுதுகிறார்கள், எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் நடிப்பில் குறை என்று ஒரு நிமிட ப்ரோமோவை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குரலைக் கேட்டதும் நமக்கு அவர் முகம்தான் வருகிறது, அதுதான் பிரச்சினை. தெரிந்த முகத்தை மறக்க வைக்கப் பத்து, பதினைந்து நிமிடமாவது வேண்டும். பல வருடமாக டிவியில் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் அது டோனியின் குரலாகவே ஆகிப்போனது. அந்தக் கலைஞர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் மனசு நெகிழும். உங்கள் அப்பா "பழைய ஆளு என்ன ஆனாரு" என்று கேட்டாரே, அவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை.

என் பதில்: அப்பாவோடு போங்கள், முதல் தடவையே. இன்ஃபினிட்டி வாரில் அவர் உங்கள் கையைப் பிடித்தபோது உங்களுக்கும் அடுத்து என்ன என்று தெரியாது, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பயந்தீர்கள். இந்தத் தடவை நீங்கள் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அவர் தனியாகத்தான் பயப்படுவார்.

வைகைக்கரை வாசி (21 ஏப்ரல், ஞாயிறு மதியம்)

ஊர்க்காரன் என்பதால் டிக்கெட் விஷயம் மட்டும். காஞ்சனா 3 இந்த வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறது, புனித வெள்ளி, திருவிழா விடுமுறை எல்லாம் சேர்ந்து கூட்டம் அள்ளுகிறது, அடுத்த வாரமும் அதற்குக் கணிசமான திரைகள் போகும். அதனால் எண்ட்கேம் புக்கிங் திறந்ததும் பாய்ந்துவிடுங்கள். ஆப்பில் தமிழ் 2டி, தமிழ் 3டி, ஆங்கிலம் என்று தனித்தனியாக வரும், அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், என் மாமா பையன் போன தடவை அப்படித்தான் பாட்டியை ஆங்கிலப் படத்துக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டான், பாவம் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் கடைசி வரை இருந்தார்கள்.

அப்புறம், ஏன் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும்? பட்டறை என்றால் சனிக்கிழமை கூலி நாள், சாயங்காலம் கணக்கை முடித்துவிடுவார்கள். சனி இரவுக் காட்சிக்குப் போங்கள். மறுநாள் அவருக்கும் ஓய்வு. மூன்று மணி நேரப் படம், ஓரத்து சீட்டாகப் பாருங்கள், வயதானவர்களுக்கு இடைவேளை வரை உட்கார்வது சிரமம்.

நெபுலாவின் தங்கை (21 ஏப்ரல், ஞாயிறு இரவு)

அப்பா ஆன்ட்-மேன் இரண்டாவது படமும் கேப்டன் மார்வெலும் பார்த்தாரா? இந்த வாரம் வேறு எதையும் திரும்பப் போட்டுக் காட்ட நேரம் இல்லை என்றாலும் அந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆன்ட்-மேன் ஸ்காட், அணுவைவிடச் சின்னதான குவாண்டம் உலகத்துக்குள் இருக்கும்போதுதான் வெளியே அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் தூளாகிறார்கள், அவன் உள்ளேயே மாட்டிக்கொள்கிறான், ஆனால் ட்ரெய்லரில் வாசலில் வந்து நிற்கிறான். எப்படி வந்தான்? அந்த மூவரில் ஒருத்தியான ஜேனட் அவனிடம் காலச்சுழலில் சிக்கிவிடாதே என்று எச்சரித்தாள், நினைவிருக்கிறதா? சும்மா ஒரு வரிக்காக அதை வைத்திருக்க மாட்டார்கள். காலத்தில் பின்னால் போகப் போகிறார்கள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். கேப்டன் மார்வெல் படத்தில் கிரெடிட் நடுவில் வருகிற பேஜர் காட்சியை மட்டுமாவது காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திடீரென்று வருகிற அந்தப் பெண் யார் என்று கேட்பார்.

எனக்குப் பயம் டோனியைப் பற்றித்தான். போன படத்தில் மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்த்தார், ஒன்றில்தான் ஜெயிக்கிறோம் என்றார். அப்புறம் காலத்தை ஆளும் காலக்கல்லைத் தானோஸிடம் கொடுத்து டோனியின் உயிரைக் காப்பாற்றினார். அப்படியென்றால் அந்த ஒன்றே ஒன்றுக்கு டோனி உயிரோடு இருந்தாக வேண்டும். எதற்காக? கடைசியில் எதைக் கொடுப்பதற்காக? இதை யோசித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கேப்டன் அமெரிக்காவாக நடிக்கும் கிறிஸ் எவன்ஸ் அக்டோபரிலேயே படப்பிடிப்பு முடிந்தது என்று உருக்கமாக எழுதியதைப் பார்த்து எல்லாரும் கேப்டனுக்காக அழுகிறார்கள், நான் மட்டும் இந்தப் பக்கம். மார்வெல் நாயகர்கள் பலரை உருவாக்கிய ஸ்டான் லீயும் நவம்பரில் இறந்துவிட்டார், அவர் தலைகாட்டும் கடைசி மார்வெல் படம் இது என்கிறார்கள். அவர் வரும் இடத்தில் தியேட்டரில் எழுந்து நிற்கப் போகிறேன்.

அப்பாவைத் தயார்படுத்திவிடாதீர்கள். "டோனிக்கு ஏதாவது ஆகலாம்" என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

ஐமேக்ஸ் அன்பன் (22 ஏப்ரல், திங்கள்)

தேன்குரல் அக்கா எழுதியதை நாலு தடவை படித்தேன். ஐமேக்ஸ் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை, அதைத் தவறவிடக்கூடாது. ஆனால் அதை இரண்டாவது தடவையாகவும் பார்க்கலாம் என்பது எனக்கு ஏனோ தோன்றவே இல்லை. வெள்ளி உன் சீட் வேண்டாம் என்றால் அடுத்த வாரம் வேளச்சேரிக்கு வா, நானும் வருகிறேன்.

லேத்துப்பட்டறை மகன் (23 ஏப்ரல், செவ்வாய் இரவு)

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைக்கு என்னைச் சேர்க்க வேண்டாம் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. வெள்ளி இரவு பஸ், சனி இரவுக் காட்சி, தமிழ், ஓரத்தில் இரண்டு சீட் கிடைத்துவிட்டது. வைகைக்கரை அண்ணன் சொன்னது சரி, சனி சாயங்காலம் கூலி கொடுத்து முடித்ததும் கிளம்பலாம் என்று அப்பாவே சொன்னார். அம்மா வரவில்லை, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றுவிட்டார்.

பேஜர் காட்சியைப் போனில் அப்பாவுக்குக் காட்டச் சொல்லி வீட்டில் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். குரல் விஷயத்தையும் அப்பாவிடம் பேசினேன், தேன்குரல் அக்கா எழுதியதைப் படித்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புது ஆளுக்கும் அந்த வேலை கைவர நேரம் ஆகும்ல, பார்ப்போம்" என்றார். போனை வைக்கும்போது மறுபடியும் அதே கேள்வி, வந்து சேர்ந்துருவானா என்று. தெரியலப்பா என்றேன்.

வாட்ஸ்அப்பை இன்றே நீக்கிவிட்டேன். நாளை சீனாவில் வெளியாகிறது, அதனால் இந்தப் பக்கமும் ஞாயிறு காலை வரை வரமாட்டேன். அதற்கு முன்னால் யாராவது இங்கே எழுதினால் என் பெயரைக் குறிப்பிட வேண்டாம், மின்னஞ்சலில் அறிவிப்பு வந்துவிடும்.