பேனாக்கத்தியின் எலும்புப் பிடி: ஒரு பக்கம் கருப்பட்டி, மறுபக்கம் பனங்கற்கண்டு. அசலா, ஒட்டுவேலையா?

திருநகர்க்காரன்:

வணக்கம். போன மாதம் காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், சாப்பிட்ட கையோடு முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். பழைய பொருள் கடை ஒன்றில், பித்தளைச் சாவிகளும் எனாமல் தூக்குகளும் கிடந்த தட்டில் ஒரு பேனாக்கத்தி. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று. பெரிய அலகின் அடியில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை, ரோட்ஜர்ஸ் என்ற பெயர், 'கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி', அப்புறம் ஷெஃபீல்டு, இங்கிலாந்து. 1,800 ரூபாய் சொன்னார், 1,400க்குத் தந்தார்.

சிக்கல் பிடியில்தான். இரண்டு பக்கமும் கொத்துப் போட்ட பிடி, ஆனால் ஒரு பக்கம் நல்ல கருப்பட்டி நிறம், மறுபக்கம் பனங்கற்கண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கடைக்காரர் மான் கொம்பு என்றார். அலுவலக நண்பர் பிளாஸ்டிக் என்கிறார். அம்மா, "எலும்பாக இருந்தால் வாசலோடு நிறுத்திக்கொள், பூஜை அறை இருக்கிற வீடு" என்று சொல்லிவிட்டார். அதனால் கத்தி இப்போது ஸ்கூட்டர் டிக்கியில் குடியிருக்கிறது.

இது என்ன பொருள்? வெளுத்த பக்கத்துக்குச் சாயம் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா?

பழையசாமான்:

தம்பி, முதலில் அந்தச் சாய யோசனையைத் தூக்கி எறியுங்கள்.

படத்தைப் பார்த்தால் மான் கொம்பு இல்லை. கொம்பின் மேற்பட்டை இயற்கையாகவே மேடும் பள்ளமுமாக, மரப்பட்டை போல ஓடும். உங்கள் பிடியில் இருப்பது உளியால் வாங்கிய கொத்து, புதிதாகக் கொத்திய அம்மி போல இருக்கிறது பாருங்கள். மாட்டின் முன்னங்கால் பின்னங்கால் நல்லி எலும்பை அறுத்துத் தகடாக்கி, மேலே கொத்துப் போட்டு, சாயத்தில் ஊறவைத்துச் செய்வது. கொம்பைப் போல் காட்டத்தான் இந்தக் கொத்தே வந்தது. வேடிக்கை என்னவென்றால் ஷெஃபீல்டுக்காரனும் ஜெர்மனியில் சோலிங்கன்காரனும் பிடிக்குப் போட்ட நல்ல கொம்பு இங்கிருந்து போன கடமான் கொம்பு. இன்றைக்கு இங்கே அதை விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கடைக்காரர் மான் கொம்பு என்று பெருமையாகச் சொன்னது அவருக்கே ஆபத்து.

பிளாஸ்டிக்கா என்று பார்க்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் போதும். எலும்பில் இரத்தம் ஓடிய நுண்குழல்கள் இருக்கும். அவை மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகளாகவோ, நீளவாக்கில் சிறு கீறல்களாகவோ தெரியும். பிளாஸ்டிக்கில் அது வராது. சிலர் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பழைய கத்திகளில் செல்லுலாய்டு பிடியும் உண்டு, அது சட்டென்று தீப்பிடிக்கும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். அப்படி இருந்தால் மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், பழசாகும்போது அது விடுகிற ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருவாக்கிவிடும்.

வயது கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 'ஹிஸ்' என்றால் ராஜா. விக்டோரியா 1901இல் போனார், எலிசபெத் 1952இல் வந்தார். 1837க்கு முன்னாலும் ராஜாதான், ஆனால் உங்கள் அலகில் நாட்டின் பெயரும் இருக்கிறதே. 1890இல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏற்றுமதிச் சாமானில் நாட்டுப் பெயர் அடிப்பது வழக்கமானது. ஆக, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி. பெயரில் ஜி எழுத்துக்கு முன்னால் டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டி இல்லாமல் அடித்த போலிகள் ஏராளம்.

நிற வித்தியாசத்துக்கு ஒட்டுவேலைதான் காரணம் என்று நினைக்காதீர்கள். இரண்டு தகடும் ஒரே எலும்பிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டைப்பையில் எந்தப் பக்கம் அதிகம் உரசியதோ அது வெளுக்கும்.

சாயப்பட்டறை:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சாயம்தான், கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எலும்புக்குச் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறேன், பையனின் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்காக. அதனால் சொல்கிறேன்.

எலும்பு முழுக்கச் சுண்ணாம்பு மாதிரிதான் என்று நினைப்போம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன், அதாவது புரதம். பட்டும் புரதம். அதனால் பட்டுக்குப் போடுகிற அமிலச் சாயம், கொஞ்சம் வினிகர் விட்டால், எலும்பையும் பிடித்துக்கொள்ளும். சுங்குடிப் பருத்திக்கு நாங்கள் கையாள்வது வேறு கணக்கு.

கறிக்கடையில் நாலு நல்லி எலும்பு வாங்கி வந்தேன். கொழுப்புப் போகவேண்டுமே என்று சலவைச் சோடா போட்டு அரை நாள் தளதளவென்று கொதிக்கவிட்டேன், அதுதான் தப்பு. புரதமே கரைந்து வெளியேறி, எலும்பு சாக்பீஸ் மாதிரி பொலபொலத்தது, அறுக்கும்போதே உதிர்ந்தது. தெருவெல்லாம் நாற்றம், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த முறை பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில், வெதுவெதுப்பாக, தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு வாரம் போட்டேன். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு. பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது, அதுவும் புரதத்தைத் தின்றுவிடும்.

ஒரே சட்டி, ஒரே சாயம், ஒரே நேரம். ஐந்து துண்டு போட்டேன், ஐந்தும் ஐந்து நிறம். எலும்பின் வெளிச்சுவர் இறுகியது, அங்கே சாயம் மேலோடு நின்றுவிடும். உள்பக்கம் துளை அதிகம், குடித்துக்கொண்டே போகும். கொழுப்பு எங்கே ஒட்டியிருந்ததோ அங்கே சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடம் மாதிரி திட்டாக வெளுப்பு. காய்ந்த பிறகு மெருகு போட்டால் கொத்தின் மேடெல்லாம் தேய்ந்து வெளிறும், பள்ளத்தில் சாயம் கறுப்பாகத் தங்கும். அந்த இரண்டு நிறம்தான் அழகே. உங்கள் கத்தியில் வெளுத்த பக்கத்தின் பள்ளங்களைப் பாருங்கள். அங்கேயும் கறுப்பு இருந்தால் தேய்மானம். பள்ளமும் வெளுப்பாக இருந்தால் வேறு கதை.

கே.கே.நகர் கத்தி:

என்னிடம் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 'கேஸ்' (Case) என்ற நிறுவனம் செய்கிற கத்திகள் மூன்று இருக்கின்றன, மூன்றும் 6254, டிராப்பர் என்பார்கள். முதல் எண் 6 என்றால் எலும்புப் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 மாதிரியின் எண். மைத்துனர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்று, பெரிய பெட்டிக்குள் வைத்துத்தான், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தோடு போச்சு.

மூன்றுமே அட்டைப்பெட்டியில் 'செஸ்ட்நட்', அதாவது செம்பழுப்பு நிறம், என்று போட்டு வந்தவை. ஒன்று புளியங்கொட்டை நிறம், ஒன்று செம்மண், ஒன்றைத் தேன் என்றே சொல்லலாம். முதலில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வந்தது. இப்போது நான்காவதற்குக் காத்திருக்கிறேன்.

ஒன்று கவனியுங்கள், 1970இல் அவர்கள் அலகின் அடியில் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி அடித்து, வருஷத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அதனால் புள்ளியை எண்ணி வருஷம் சொல்லிவிடலாம். நிறத்தை வைத்து வருஷம் சொல்கிறேன் என்பவரை மட்டும் நம்பாதீர்கள். பழைய சிவப்பு எலும்புக்கும் பச்சை எலும்புக்கும் விலை அதிகம் என்பதால் புதுச்சாயம் ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. கத்தியைக் கழற்றாமல் சாயம் போட்டால் பூண் ஓரத்திலும் ஆணியைச் சுற்றியும் தேங்கி நிற்கும், லென்ஸில் அசிங்கமாகத் தெரியும். நீங்கள் போட்டாலும் அப்படித்தான் தெரியும், நாளைக்கு வாங்குகிறவர் உங்களைத் திட்டுவார்.

ஓலைக்கட்டு:

பேனாக்கத்தி என்ற பெயரே இறகுப் பேனாவைச் சீவியதால் வந்தது. நம் பக்கத்தில் அதே வேலைக்கு மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு பக்கம் ஓலையில் எழுத எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை வார ஒரு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். மரம், மாட்டுக்கொம்பு, தந்தம் என்று பிடிகள். சேகரிக்கிறவர்கள் ஷெஃபீல்டையே தேடுகிறீர்கள், அதே காரைக்குடித் தட்டில் அடுத்த முறை இதையும் தேடுங்கள். தந்தம் என்று யாராவது நீட்டினால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

வடக்குமாசி:

கத்தி விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தகவல்: சாவிக்கொத்தில் பேனாக்கத்தியை மாட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாதீர்கள். சோதனையில் எடுத்துவிட்டார்கள், தப்பு என்னுடையதுதான். திரும்ப வெளியே வந்து பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். தரிசனம் முடிந்து வந்தால் அந்தம்மா அதை வைத்து நார் அறுத்துக்கொண்டிருந்தார், திருப்பிக் கேட்கவே மனசு வரவில்லை.

திருநகர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தெற்காவணி மூல வீதியில் நகை வேலை செய்கிற நண்பரிடம் போய் லென்ஸில் அரை மணி நேரம் பார்த்தேன். பெயரில் டி இருக்கிறது. இரண்டு பக்கமும் எலும்புதான், மிளகுப்பொடிப் புள்ளிகள் இருக்கின்றன.

ஆனால் சாயப்பட்டறை சொன்ன மாதிரி பள்ளங்களைப் பார்த்தேன். கருப்பட்டிப் பக்கம் பள்ளமெல்லாம் கன்னங்கரேல். வெளுத்த பக்கம் பள்ளத்திலும் வெளுப்பு, லேசாகத் தேநீர்க் கறை மாதிரி ஒரு மஞ்சள். கொத்தும் வேறு. கருப்பட்டிப் பக்கம் வரிசையாக, ஒரே ஆழத்தில், இயந்திரம் போட்டது போல. வெளுத்த பக்கம் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு சாய்வு, ஓரிடத்தில் அரம் வழுக்கிப் பூண் மேலேயே ஒரு கோடு போயிருக்கிறது. ஆணித்தலையும் இந்தப் பக்கம் பெரிதாக, சுத்தியலால் தட்டிப் பரப்பியது போல் இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

பழையசாமான்:

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். வெளுத்த பக்கம் பிற்பாடு மாற்றியதுதான். எலும்பு விரிசல் விட்டு உதிர்ந்திருக்கும், இங்கேயே யாரோ ஒரு கைவேலைக்காரர் கறிக்கடை எலும்பை அறுத்து, மறுபக்கத்தைப் பார்த்துப் பார்த்து அரத்தால் கொத்தியிருக்கிறார். விலை என்று பார்த்தால் பாதிக்குப் பாதி குறையும். ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றால் 1,400க்கே நான் எடுத்துக்கொள்கிறேன், அந்த வழுக்கிய கோட்டுக்காகவே.

மடங்குகிற இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். வெயிலில் வைக்காதீர்கள், எலும்பு வெடிக்கும்.

திருநகர்க்காரன்:

தருவதாக இல்லை அண்ணே, மன்னிக்கவும். அம்மாவிடம் அந்தக் கோட்டைக் காட்டினேன். "உங்கள் தாத்தாவிடமும் இப்படி ஒன்று இருந்தது, வெற்றிலைக் காம்பு கிள்ள வைத்திருந்தார்" என்றார். அது எலும்பா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். எப்படியும் வீட்டுக்குள் அனுமதி இல்லை. டிக்கிதான். வெயில் படக்கூடாது என்றீர்களே, அதனால் வண்டியை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டேன், இப்போது சீட்டெல்லாம் காக்கை எச்சம்.