மலிவு ஹோஸ்டிங், 'தினசரி பேக்கப் இலவசம்': நீங்கள் மாட்டிய கதையைச் சொல்லுங்கள்

முதல் பதிவு

சிறுகதைகளுக்கென்று ஒரு வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறேன். விளம்பரம் கிடையாது, வருமானம் கிடையாது, ஹோஸ்டிங் செலவு, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை, முழுக்கக் கைக்காசு. மூன்று வருடத்துக்கு முன் 'அளவில்லாத இடம், தினசரி பேக்கப் இலவசம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து இப்போதிருக்கும் இடத்துக்கு மாறினேன். விலையும் அடிமட்டம்.

போன மாதம் ஒரு பிளகினை (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல்) அப்டேட் செய்தேன். தளம் வெறும் வெள்ளைத் திரையாக நின்றுவிட்டது. நான் பதறவே இல்லை, தினசரி பேக்கப்தான் இருக்கிறதே! உதவிக் குழுவுக்கு டிக்கெட் போட்டு, நேற்றைய நிலைக்கு மாற்றித்தரச் சொன்னேன். ஒன்பது மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: உங்கள் கணக்கின் கடைசி பேக்கப் பதினொரு வாரத்துக்கு முந்தையது, பரவாயில்லையா?

ஏன் என்று தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. இடத்துக்குத்தான் அளவில்லை, கோப்புகளின் எண்ணிக்கைக்கு அளவு உண்டு. ஐநோடு என்கிறார்கள். ஒரு கோப்புக்கு ஒன்று, ஒரு ஃபோல்டருக்கு ஒன்று என்று கணக்கு. அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கணக்குக்குத் தானாக பேக்கப் எடுப்பதை நிறுத்திவிடுவார்களாம், விதிமுறையில் எங்கோ ஒரு வரியாகக் கிடந்தது. நான் ஏற்றிய படங்கள் சில ஆயிரம்தான். ஆனால் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்கிறது. போதாததற்கு, பக்கங்களை வேகமாகக் காட்டுவதற்காகப் போட்ட கேஷ் பிளகின் ஒன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்பு கோப்பாகக் கொட்டி வைத்திருந்தது. எல்லையைத் தாண்டியபோது ஒரு மெயில்கூட வரவில்லை.

நல்லவேளை, ரீஸ்டோர் (பேக்கப்பைத் திருப்பி ஏற்றுவது) தேவைப்படவில்லை. அந்த பிளகின் இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் தளம் எழுந்துவிட்டது. பயம்தான் போகவில்லை. சந்தா முடிய இரண்டு மாதம் இருக்கிறது. புதுப்பிக்கக் கேட்கும் தொகையோ முதல் தடவை கட்டியதைப் போல மூன்று மடங்கு. மாறிவிடலாம் என்றிருக்கிறேன். எந்த நிறுவனம் நல்லது என்று கேட்கவில்லை, அதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்வீர்கள். பேக்கப் இருக்கிறது என்று நம்பி எங்கே மாட்டினீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1

மூன்று மடங்கெல்லாம் சாதாரணம். நான் இப்போது முதல் வருட விலையைப் பார்ப்பதே இல்லை. ஐந்து வருடத்துக்கு மொத்தம் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்ப்பேன். பேக்கப் எடுக்கக் காசில்லை, ரீஸ்டோர் செய்யத்தான் காசு என்று சில இடங்களில் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்வேன். எனக்கு நடந்தது அதுதான். தளம் விழுந்து கிடக்கும்போது பேரமா பேச முடியும்? கேட்டதைக் கட்டினேன்.

மறுமொழி 2

எங்கள் ஹோஸ்டிங்காரர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தினமும் பேக்கப் எடுத்தார், ஏழு நாளைக்கு வைத்திருந்தார், சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்துக்குள் போய் நானே தேதியைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் செய்யலாம். ஆனாலும் மாட்டினேன்.

தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் தெரிந்தது. கூகுளில் தேடி வருபவர்களை மட்டும் ஏதோ மாத்திரை விற்கும் தளத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். நான் முகவரியைத் தட்டி நேராக வருபவன், எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து வாரம் கழித்து வாசகர் ஒருவர் சொன்னார். பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் ஏழு நாளும் அதே நஞ்சு. நல்ல பிரதியெல்லாம் எப்போதோ அழிந்துபோய், ஒவ்வொரு இரவும் கெட்டுப்போன தளத்தைத்தான் ஒழுங்காகச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி என்ற நிரல் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய மூன்று இரவு ஆனது. இப்போது தினசரி ஏழு, வாரத்துக்கு ஒன்றாக நான்கு, மாதத்துக்கு ஒன்றாக ஆறு என்று நானே வைத்துக்கொள்கிறேன். பழையது வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுமொழி 3

இது தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வயிற்றெரிச்சல் (சரி, வேறு சில மொழிக்காரர்களுக்கும்தான்).

என் பேக்கப் தினமும் தவறாமல் வந்தது. டேட்டாபேஸ் (எழுத்தெல்லாம் இருக்கும் இடம்) தனியாக ஒரு கோப்பு, படங்கள் தனியாக ஒரு கோப்பு. கோப்பு வந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் சர்வர் மாற்றும்போது டேட்டாபேஸை ஏற்றிவிட்டுத் தளத்தைத் திறந்தேன். தேதிகள் சரி, ஆங்கிலச் சொற்கள் சரி, எண்கள் சரி. தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி.

காரணம் இது. பேக்கப் எடுத்த ஸ்கிரிப்டில் எழுத்துக் குறிமுறை (எழுத்தைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் விதம்) லத்தீன்1 என்று இருந்திருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமே கிடையாது. இடமில்லாத எழுத்து வந்தால் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் சத்தமே இல்லாமல் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழைச் செய்தி கிடையாது. தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட். 'கி' என்றால் 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு குறியீடுகள், ஆறு பைட். பேக்கப்பில் 'க' இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, 'கி' இருந்த இடத்தில் இரண்டு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இது என்ன சொல்லாக இருக்கும் என்று நான் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நிலைமையைப் பாருங்கள்.

வேறு வகை ஒன்றும் உண்டு, அது வந்தால் சந்தோஷப்படுங்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு குறி என்று மூன்று மூன்றாகக் குப்பை தெரியும். அதில் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும், தவறான கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர் கையில் கொடுத்தால் மீட்டுவிடலாம். கேள்விக்குறி வந்தால் போச்சு. எழுத்து அங்கே இல்லவே இல்லை.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்து பாதியைத் தேடி எடுத்தேன். மீதி போனது போனதுதான். பேக்கப் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, தமிழ் தமிழாக இருக்கிறதா என்று ஒரே ஒருமுறை பார்த்திருந்தால் போதும். இரண்டு வருடமும் கோப்பின் பெயரையும் தேதியையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 4

பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் வேண்டாமென்று விபிஎஸ்ஸுக்கு, அதாவது எனக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வருக்குப் போனவன் நான். மாதக் கட்டணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் தானியங்கி பேக்கப். கட்டினேன். ஒருநாள் வேலை முடிந்த பழைய சோதனை சர்வரை அழிக்கப்போய், பெயர் ஒன்றுபோல இருந்ததால் உண்மையான சர்வரை அழித்துவிட்டேன். அதோடு அதன் பேக்கப்புகளும் போயின. அந்த ஏற்பாட்டில் பேக்கப் சர்வரின் வாலாம், சர்வர் போனால் அதுவும் போய்விடும். தனியாக எடுக்கும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துச் சர்வரின் முழுப் பிரதி) மட்டும்தான் நிற்குமாம். அழிக்கும் முன் வந்த எச்சரிக்கைப் பெட்டியில் இதுவும் எழுதியிருந்தது. அதைப் படித்தால் நான் ஏன் இங்கே வந்து எழுதப்போகிறேன்!

பிறகுதான் 2021 மார்ச் 10 ஞாபகம் வந்தது. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஎச் கிளவுட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்த நாள். ஒரு கட்டடம் முழுக்கச் சாம்பல், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதி. இணையத் தளங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 36 லட்சம் தளங்கள் இணையத்திலிருந்து மறைந்தன. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் சேர்ந்து எரிந்தது. அன்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று மட்டும்தான் நினைத்தேன்.

இப்போது இரவில் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் ஓடுகிறது, பூட்டிய பிரதியை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறது. பேக்பிளேஸ் பி2, கிளவுட்ஃபிளேர் ஆர்2 இரண்டிலும் முதல் 10 ஜிபி இலவசம், எழுத்து அதிகமாக உள்ள தளத்துக்கு அது தாராளம். ஒன்று மட்டும் கவனம்: ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது, திறக்க வேறு வழியே இல்லை. நான் அதைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

மறுமொழி 5

என் கதை சின்னது. கார்டு காலாவதி ஆகியிருந்தது, சந்தா தொகை எடுக்க முடியவில்லை. நினைவூட்டல் மெயில் நான்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் என் தளத்தின் பெயரிலேயே நான் வைத்திருந்த மெயிலுக்கு. அந்த மெயில் அதே ஹோஸ்டிங்கில். கணக்கை நிறுத்தியதும் மெயிலும் நின்றுவிட்டது, மிச்ச நினைவூட்டல்கள் எங்கே போயிருக்கும்! நான் பார்த்தபோது கணக்கையே அழித்துவிட்டிருந்தார்கள். பேக்கப்பும் அதற்குள்தான். ஹோஸ்டிங் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் முகவரி வேறு இடத்தில் இருக்கட்டும். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே இடத்தில் வாங்காமல் இருந்ததால் பெயராவது மிஞ்சியது.

மறுமொழி 6

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் நான்கு வருடம் டிக்கெட்டுக்குப் பதில் எழுதினேன். எங்கள் பேக்கப் எங்களுக்காக எடுப்பது, டிஸ்க் செத்தால் மொத்த சர்வரையும் எழுப்ப. உங்களுடைய ஒரு பக்கத்தை நேற்றைய நிலைக்குக் கொண்டுவர அல்ல. அதனால்தான் எல்லா விதிமுறைகளிலும் 'வாடிக்கையாளர் தம் பிரதியைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும்.

அப்படி வைத்துக்கொள்பவர்கள் எங்கே வைக்கிறார்கள்? அதே கணக்குக்குள், வெளியிலிருந்து எவரும் திறக்கக்கூடிய பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள், 'பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஜிப். முகவரியை ஊகிக்கத் தெரிந்தவர் யாரும் அதை இறக்கிக்கொள்ளலாம். உள்ளே டேட்டாபேஸ் கடவுச்சொல் வரை இருக்கும். வாரத்துக்கு ஒன்றாவது இப்படிப் பார்ப்பேன்.

சிபேனலில் 'முழு பேக்கப்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அழகாக ஒரு கோப்பு கிடைக்கும். ஆனால் அதைத் திருப்பி ஏற்றும் பொத்தான் உங்களிடம் இல்லை, சர்வர் நிர்வாகியால்தான் முடியும். ஹோம் ஃபோல்டரும் டேட்டாபேஸும் தனித்தனியாக எடுத்தால் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். ஜெட்பேக்கப் போன்ற பேக்கப் மென்பொருள் ஒன்றைப் போட்டிருக்கும் நிறுவனமென்றால் இன்னும் சுலபம். ஆகவே காசு கட்டும் முன் 'பேக்கப் எடுப்பீர்களா' என்று கேட்காதீர்கள், எடுப்போம் என்றுதான் பதில் வரும். 'உங்களைக் கேட்காமல் நானே திருப்பி எடுக்க முடியுமா, எத்தனை நாள் பழையது வரை, என் கணக்கு எவ்வளவு பெருத்தால் நிறுத்துவீர்கள்' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய இடங்களில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகை ஏற்பாடு இருந்தும் ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். டேட்டாபேஸ் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்கும் கருவி 9.2, இரண்டும் பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோல்வி. தோல்வியைச் சொல்லும் மெயிலையும் மெயில் சர்வர் ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

முதல் பதிவர் மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்ன கேள்விகளை மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று விளம்பரப் பக்கத்தின் சுட்டியை அனுப்பியது. மூன்றாவதில் ஒருவர், இரண்டரை லட்சம் கோப்பு வரை, பதினான்கு நாள் வரை, நீங்களே எடுக்கலாம், மெயில் பெட்டி மட்டும் இதில் சேராது என்று நேராக எழுதினார். சேராது என்று சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். விலை மூன்றிலும் நடுவில்.

முப்பது நாளுக்குள் பணம் திரும்பத் தருவார்களாம். ஆகவே பழைய தளத்தை விட்டுவைத்து, என் பேக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு புது இடத்தில் தளத்தை எழுப்பிப் பார்த்தேன். முகப்பு வந்தது. எந்தக் கதையைத் தட்டினாலும் 404, அதாவது பக்கமே இல்லை என்ற பிழை. ஒரு மணி நேரம் முடியைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: கதை முகவரிகளைச் சரியாக வழிநடத்தும், பெயரின் முன்னால் புள்ளி வைத்த எச்டி அக்சஸ் கோப்பு பேக்கப்பில் இல்லை. மறைந்திருக்கும் கோப்பு என்பதால் நான் இறக்கும்போதே விடுபட்டிருக்கிறது. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்ததும் அது புதிதாக உருவாகிக் கதைகள் எல்லாம் வந்துவிட்டன. இதே கூத்தை நிஜமாகவே தளம் விழுந்த அன்று ஆடியிருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

அப்புறம், கேள்விக்குறிக் கதையைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. டேட்டாபேஸ் கோப்பைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்தேன். ஒரே ஒரு கதையில் மூன்று கேள்விக்குறி வரிசையாக நின்றது, நெஞ்சு திக்கென்றது. அது தொடக்கக் காலத்தில் நானே போட்ட தலைப்பு: 'அப்படியா???'