செம்பனைக்குத் தண்ணீர் போதுமா என்று சாட்டிலைட் சொல்லுமா?

பாரிட்_பையன்:
மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், பாம் எண்ணெய் தரும் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் நாங்கள் சிலர். இந்த வறட்சியில் எந்தப் பாரிட்டை (வடிகால் வாய்க்காலை) அடைப்பது, எதைத் திறந்து விடுவது என்று சென்டினல்-2 சாட்டிலைட் படத்தை வைத்தே முடிவு பண்ணலாம் என்கிறேன். காசு கிடையாது, 10 மீட்டர் வரை தெளிவு, 5 நாளுக்கு ஒரு படம். போன வாரத்து என்டிவிஐ (இலைப் பச்சையின் அளவு) வரைபடத்தில் ஆற்றோரப் பிளாக் முழுக்கச் சிவப்பு. அங்கே தண்ணீர் இல்லை என்றுதானே அர்த்தம்?

பழைய_மண்டோர்:
தம்பி, அது செம்பனையே இல்லை, கிழட்டு ரப்பர். பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும், அப்புறம் துளிர்க்கும். பால் வெட்டினவனைக் கேட்டிருந்தால் காசில்லாமலே சொல்லியிருப்பான்.

பாரிட்_பையன்:
ரப்பர் என்றே இருக்கட்டும் ஐயா. ஒரு வருஷத்துப் படங்களை வரிசையாக வைத்தால் அந்த இலையுதிர்வை வைத்தே எது ரப்பர், எது செம்பனை என்று பிரித்துவிடலாம். மண்டோர் (கங்காணி) நடந்து பார்க்காத நிலத்துக்கும் இது நடக்கும்.

கிராணி_மகள்:
பிரிக்கலாம், அதை நானே செய்கிறேன். ஆனால் உங்கள் கேள்வி தண்ணீர் பற்றியது. என்டிவிஐ என்பது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிடும் கணக்கு. மட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட வளர்ந்த செம்பனையில் அது உச்சத்துக்குப் போய் அப்படியே நின்றுவிடும். மரம் தாகத்தில் இருந்தாலும் மேலே பச்சைதான். வறட்சியில் பெண் பூ குறைந்து ஆண் பூ கூடும், குலை குறைவது ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்துக்கூடத் தெரியும். 2015-இல் மலேசியாவின் பாம் எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய 2 கோடி டன், எல் நினோ வறட்சிக்குப் பிறகு 2016-இல் 1.73 கோடி டன். இலையின் நிறத்தைப் பார்த்து இதை யார் கண்டுபிடித்திருப்பார்?

பாரிட்_பையன்:
அதனால்தான் மாடல்! மழையைக் கூட்டு, மரம் குடிப்பதைக் கழி. செம்பனைக்கு மாதம் 120 முதல் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் மண்ணில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மழை அளவும் சாட்டிலைட்டிலிருந்தே வருகிறது.

பழைய_மண்டோர்:
ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், அதுவா உன் சாட்டிலைட்டுக்குத் தெரியும்?

கிராணி_மகள்:
ஐயா சொல்வது நியாயம். ஐமெர்க் என்ற சாட்டிலைட் மழைத் தரவில் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர், மத்தியான மழை அதற்குள் பல துண்டாகப் பெய்யும். மாவட்டம் முழுவதற்கும் வறட்சியைப் பார்க்க நல்லது, உங்கள் பாரிட்டுக்கு இல்லை. மேகத்தை ஊடுருவுகிற சென்டினல்-1 ரேடாரும் 5.6 சென்டிமீட்டர் அலைதான், பெரும்பாலும் மட்டையிலேயே திரும்பிவிடும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் சாட்டிலைட் 24 சென்டிமீட்டர் அலை, அது இன்னும் கீழே போகும்.

பழைய_மண்டோர்:
இங்கே பாதி நிலம் கரிமண், செடிகொடி அரைகுறையாக மக்கிச் சேர்ந்த மண். நீர்மட்டம் தரைக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் கீழே நிற்கணும். அதற்கு மேலே வந்தால் வேர் அழுகும், கீழே போனால் மண் சுருங்கும், தீயும் பிடிக்கும். ஓட்டை போட்ட குழாயை ஊன்றி, குச்சியை விட்டுப் பார். எந்தப் பாரிட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உன் படத்தில் தெரியுமா?

பாரிட்_பையன்:
இலவச உயர வரைபடம் இருக்கிறதே.

கிராணி_மகள்:
விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தானே? அது 2000 பிப்ரவரியில் எடுத்தது, அளந்ததும் வெறும் தரையை இல்லை, மர உயரமும் கலந்திருக்கும். அதற்கப்புறம் கரிமண்ணும் இறங்கியிருக்கும். அதை நம்பித் தடுப்பு வைத்தால் பக்கத்துத் தோட்டம்தான் மூழ்கும். தரையின் மேடு பள்ளத்தை லெவல் கருவி வைத்து அளங்கள்.

பாரிட்_பையன்:
சரி, அதற்கு வாடகை யார் கொடுப்பது? கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள்.