பினாங்கில் முதல் மழைக்காலம்: புதிதாக வந்திருக்கும் தம்பதியருக்கு மலைநடையும் வீட்டு மாற்றங்களும்

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து மலேசியாவின் பினாங்கிற்குக் குடிவந்தோம். அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. எனக்கு டிபென்டன்ட் பாஸ், அதாவது தனி அனுமதி பெறாமல் வேலைக்குப் போக முடியாத நிலை. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மூன்று மாதங்களை நாங்கள் கழித்த விதம் இதே பருவத்தில் வந்திறங்கும் தம்பதியருக்குப் பயன்படலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டை முழுவதும் ஒழுங்குசெய்து முடித்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் முதல் மூன்று வாரங்கள் அப்படித்தான் இருந்தோம். இந்த ஊரின் மழையும் விடியலும் காற்றும் எப்படிப்பட்டவை என்று தெரியாமல், திருச்சி வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு செய்த ஏற்பாடுகளில் பாதியை அக்டோபரில் கலைத்து மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று.

வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்கள் இலையுதிர்காலப் படங்களை அனுப்பும் மாதங்கள்தாம் இவை. இங்கே இலை உதிர்வதுமில்லை, குளிர்வதுமில்லை. ஆனால் பினாங்கில் ஆண்டிலேயே அதிகமாக மழை பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். நமக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழை, அதுவும் ஐப்பசியில் அடைமழை. அதே பருவக்காற்று இங்கே நவம்பரில் தொடங்கி, தீபகற்பத்தின் கிழக்குக் கரையை நனைக்கிறது. நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்து நிற்பதால் மேற்குக் கரையில் இருக்கும் பினாங்கிற்கு அதன் வேகம் குறைந்தே வருகிறது, டிசம்பருக்குப் பிறகு வானம் வெளுத்துவிடுகிறது. ஆகவே புரட்டாசியில் வந்து இறங்கி, நாள்தோறும் இடியும் மழையுமாக இருப்பதைப் பார்த்து, ஆண்டு முழுவதும் இப்படித்தான் போலும் என்று மனம் சோர்ந்துவிட வேண்டாம். என் மனம் சோர்ந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

விடியலைப் பற்றியும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், பினாங்கில் காலை 7 மணி கடந்த பிறகே சூரியன் எழுகிறது. ஊரில் ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குப் பழகிய எங்களுக்கு அந்த நேரம் இங்கே நள்ளிரவு போல இருந்தது. மேலும், இரவில் சுமத்ராத் தீவின் பக்கமும் மலாக்கா நீரிணையிலும் உருவாகும் இடிமழைத் தொடர்கள், வானிலையாளர் ‘சுமத்ரா’ என்றே பெயரிட்டழைப்பவை, விடியலுக்கு முன்பும் அதிகாலையிலும் கரையைத் தாக்குவதுண்டு. பிற்பகலில் வேறொரு மழை உள்நாட்டு வெப்பத்தில் திரண்டு வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலை ஏழேகால் முதல் பதினொன்று வரைதான் நடப்பதற்கு உரிய நேரம் என்று நான்காம் வாரத்தில் கண்டுகொண்டோம். அதன் பிறகு சனி, ஞாயிறு இரண்டையும் அந்த நேரத்தைச் சுற்றியே அமைத்தோம்.

நடக்கத் தொடங்குவதற்குத் தண்ணீர்மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழருக்கு வேறில்லை. அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோவிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏற எங்களுக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. அங்கே காலையில் ஏறுபவர்களில் இந்த ஊர்த் தமிழர் பலர் இருப்பார்கள். மூன்றாவது முறை பார்த்ததும் தாமாகவே பேசுவார்கள். வீட்டு வைத்தியர் முதல் முறுக்கு அச்சு கிடைக்கும் கடை வரை எனக்குத் தெரிந்த நல்ல தகவல்களில் பெரும்பாலானவை அந்தப் படிகளில் கிடைத்தவை.

கோவிலுக்கு அருகிலேயே 1884-இல் அமைந்த தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலருகிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு, அதாவது புக்கிட் பெண்டேராவுக்கு, தார் போட்ட ஜீப் பாதை ஒன்று ஏறுகிறது. சுமார் 5 கிலோமீட்டர் தூரம், கடுமையான சரிவு. மலையின் உயரம் 833 மீட்டர். நாங்கள் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் முதன்முறையாக ஏறியபோது மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியில் ‘84’ என்று அழைக்கப்படும் ஓய்விடத்தில் சீன முதியவர்கள் தேநீர் வைத்திருந்தார்கள். யார், எவர் என்று கேட்காமல் எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். மொழி தெரியாத நாட்டில் யாரோ கொடுத்த அந்தத் தேநீரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அந்த வாரம் சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா என்பதால் கடைத்தெருவெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவ உணவுக் கடைகள் இருந்தன. புரட்டாசி விரதம் இருக்கும் நமக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதை வந்தவர்கள் உடனே உணர்வார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். மழைக்காலத்தில் தாரின் மேலும் பாசி படர்கிறது, முழங்கால்களுக்குச் சரிவு தாங்குவதில்லை. ஆகவே நடந்து ஏறி, 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் இறங்குங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். காட்டு ஒற்றையடிப் பாதைகளை நவம்பர் வரை தள்ளிப் போடுங்கள். களிமண் வழுக்கும், அட்டை ஏறும். இந்த மலைப்பகுதி 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகளை மரக்கிளையில் பார்க்கும்போது நாம் யாருடைய வீட்டிற்கு வந்திருக்கிறோம் என்பது புரியும். அவை சாதுவானவை, நீண்ட வால் குரங்குகள் அப்படியல்ல, கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் பறிக்கும். எதற்கும் உணவு கொடுக்காதீர்கள்.

நவம்பரில் ஒருமுறை தெலுக் பஹாங் சென்று, 2003-இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் வரை நடந்தோம். ஜோர்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பேருந்து பூங்கா வாசல் வரை போகிறது. வாசலில் பெயரைப் பதிந்துகொண்டு போக வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேர நடை முடிந்தால், மேலே நன்னீரும் அடியில் கடல்நீரும் கலவாமல் நிற்கும் ஏரி ஒன்று கடற்கரைக்குப் பின்னால் தெரியும். மழைக்காலத்தில்தான் அது நிறைந்திருக்கும். அந்தக் கடலில் நீரோட்டம் வலிது. குளிக்க இறங்க வேண்டாம். காட்டு ஓடைகளில் குளித்தவர்கள் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே ‘கென்சிங் திக்குஸ்’ என்று சொல்லும் எலிக்காய்ச்சல் அப்படி வருவதுண்டு.

இனி வீட்டைப் பற்றி எழுதுகிறேன். வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும், தண்ணீர், மின்சாரத்திற்கென அரை மாத முன்பணமும் கேட்பது இங்கே வழக்கம். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அனுமதி கேட்காமல் ஆணி அடிக்காதீர்கள். மின்னழுத்தம் நம் ஊரைப் போன்றதே என்பதால் மிக்சியும் கிரைண்டரும் அப்படியே ஓடும். பிளக் மட்டும் இங்கே மூன்று செவ்வக முனைகள் கொண்ட 13 ஆம்பியர் வகை. அடாப்டரில் செருகிக் கிரைண்டர் ஓட்டுவதைவிட, எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக்கையே மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

எங்களை உண்மையில் வருத்தியது பூஞ்சணம். திருச்சியில் தூசிக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி வைத்தே பழகியவள் நான். இங்கும் பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரோடு ஒட்டிய அலமாரியில் அடுக்கி, சன்னல்களைச் சாத்தி வைத்தேன். அக்டோபர் முதல் வாரத்தில் என் திருமணப் புடவையின் ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் படர்ந்திருந்தன. அவருடைய தோல் செருப்பு பச்சையாகவே மாறியிருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா பார்த்துவிட்டு, “மூடி மூடி வச்சா இங்க எல்லாமே பூத்துடும்மா, காத்து ஓடணும்” என்றார். அன்றே அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தோம். புடவைகளைப் பருத்தித் துணியில் சுற்றினோம். மழை இல்லாத காலைகளில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தோம். தரகர் ‘ஸ்டோர் ரூம்’ என்று காட்டிய சிறிய அறையில்தான் நாங்கள் பெட்டிகளை அடைத்திருந்தோம். அதைக் காலிசெய்து, மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, மலையிலிருந்து வந்த நனைந்த காலணிகளும் துணிகளும் உலரும் இடமாக்கினோம். வீட்டில் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பயன் தந்தது இதுதான். மலைக்குப் போகாதிருந்தால் இது தோன்றியே இருக்காது.

காலணிகளை நாங்கள் முதலில் வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் வைத்திருந்தோம். கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்த நடைபாதை தீ விபத்தின்போது தப்பிக்கும் வழி. செருப்பு அடுக்கும் பூந்தொட்டியும் அங்கே இருக்கக்கூடாது. தொட்டிகளை உள்ளே பால்கனிக்கு மாற்றியபோது தட்டில் தேங்கிய நீரையும் கவனிக்கத் தொடங்கினோம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசு ஆக ஏழு முதல் பத்து நாட்கள் போதும் என்பதால், ஞாயிறுதோறும் தொட்டித் தட்டு, குளிர்ப்பெட்டியின் பின்தட்டு, பூசை அறைச் செம்பு எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுகிறோம். கொசு வளர இடம்கொடுக்கும் வீட்டாருக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் உண்டு.

வீடு இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். தரகரைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

எங்கள் இருவருக்கும் இடையிலும் சில ஒழுங்குகள் மாறின. சனிக்கிழமை காலைச் சமையலை அவர் ஏற்றுக்கொண்டார். முந்தைய இரவே ஊறவைத்து அரைத்த மாவில் இட்லி வைத்து, மலைக்குக் கட்டி எடுத்துக்கொள்கிறோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசுவது காலையிலிருந்து இரவுக்கு மாறியது. பகல் முழுவதும் தனித்திருந்த எனக்கு, மாலையில் அவர் வந்ததும் குறைகளை மட்டுமே சொல்லும் பழக்கம் வந்திருந்தது. வாரக்கடைசியில் எந்தப் பாதை, எத்தனை மணிக்கு என்று திட்டமிடத் தொடங்கிய பிறகு எங்கள் மாலைப் பேச்சு மெல்ல மாறியது. துணையாக வந்து வீட்டிலேயே இருக்கும் பெண்கள் இதை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கணவர் வேலைக்குப் போன நாட்களில் தனியாக நடக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீர்மலைப் படிகளுக்கும் தாவரவியல் தோட்டத்திற்கும் நான் தனியாகவே போகிறேன். ஜீப் பாதைக்குப் படிகளில் அறிமுகமான இரண்டு அக்காமார்களோடு மட்டுமே போவேன். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அவருக்கு எழுதி அனுப்பிவிடுவேன், அவசர எண் 999 என்பதை நினைவில் வைத்திருப்பேன். புகைமூட்டக் காலத்தில் காற்றுமாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று வீட்டிலேயே இருக்கிறேன். இடி கேட்டால், எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் மேற்கொண்டு ஏறாமல், அருகில் இருக்கும் ஓய்விடக் கூரைக்குள் போய், மழை விட்ட பிறகே கீழே இறங்குகிறோம்.