புதுப்பிப்பு: சகலைக்கு ஆங்கிலத்தில் என்ன?

கோத்தகிரியில் எங்கள் ஹோம்ஸ்டேக்கு வந்த லண்டன்காரரிடம் சகலையை 'கோ-பிரதர்' என்று அறிமுகப்படுத்தினேன், அவருக்குப் புரியவில்லை, சரியான சொல் என்ன என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோ-பிரதர் நம் ஊர் ஆங்கிலமாம். இங்கிலாந்தில் மைத்துனர், கொழுந்தனார், சகலை மூவரும் 'பிரதர்-இன்-லா'தான். தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் 'மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்'. பன்மைக்கு 'எஸ்' நடுவில் வரும்: 'பிரதர்ஸ்-இன்-லா'. எனக்கு இது புதிது.

அப்புறம், நான் எழுதிய 'மேரீட் வித்' தவறு, 'மேரீட் டு' என்று ஒருவர் திருத்தினார். 'அவரோடு கல்யாணம்' என்று தமிழில் யோசிப்பதால் வரும் பிழை அது.

நேற்று வந்தவர்களிடம் சகலையை 'பிரதர்-இன்-லா' என்று காட்டி, 'வீ கெட் ஆன் வெல்' (நாங்கள் நன்றாக ஒத்துப்போகிறோம்) என்றேன். உடனே புரிந்துகொண்டார்கள். சகலைக்கும் ரொம்ப சந்தோஷம்.