வெப்சைட் முகப்பில் எதை முதலில் வைப்பது? யோசனை தேவை

நண்பர்களே, அலுவலகங்களுக்கு ஏசி பராமரிப்பு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் வெப்சைட்டை மறுபடி வடிவமைக்கிறேன். "புதுசா, பளிச்சுன்னு இருக்கணும்" என்றுதான் முதலில் சொன்னார்கள். பேசப் பேசத்தான் உண்மையான தேவை புரிந்தது. பழுதானால் மட்டும் கூப்பிடுபவர்களைவிட, வருடாந்திர ஒப்பந்தம் கேட்டு வருபவர்கள் அவர்களுக்கு அதிகம் வேண்டும்.

இப்போதைய முகப்பில் ஐந்து படங்கள் தானாக மாறி மாறி ஓடுகின்றன. ஒப்பந்தம் பற்றிய வரி நான்காவது படத்தில் இருக்கிறது. அதுவரை யார் காத்திருப்பார்கள்? போனில் திறந்தால் முதல் படம் வரவே தாமதம். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு, இது அதைத் தாண்டுகிறது. விசாரணைப் படிவத்தில் ஃபேக்ஸ் எண்கூடக் கேட்கிறார்கள்.

ஒரே வாக்கியம், ஒரே பட்டன், படிவத்தில் பெயர், போன் எண், எத்தனை ஏசி என்ற கேள்விகள் மட்டும் போதும் என்பது என் எண்ணம். படிவத்துக்குச் சரி என்றுவிட்டார் உரிமையாளர். படங்களை விடத்தான் அவருக்கு மனசில்லை.

ஏ/பி டெஸ்ட் (வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய முகப்பு, மீதிப் பேருக்குப் புதியது காட்டி ஒப்பிடுவது) செய்து காட்டலாம் என்றால், மாதத்துக்கு வருபவர்களே சில நூறு பேர்தான். அதில் தெரியும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இப்படிச் சின்ன தளங்களில் நீங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்? அப்புறம், போன் பட்டனைத் தட்டியதை அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருபவர்கள் செய்வதைப் பதியும் கருவி) காட்டும். அந்தப் பேச்சு ஒப்பந்தமாக முடிந்ததா என்று காட்டாது. அதை எப்படிக் கணக்கில் சேர்க்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.