சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புக்குப் பாடத்திட்டம்: எங்கிருந்து தொடங்கலாம்?

தண்டையார்பேட்டை விரிவுரையாளர்:

வணக்கம். வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். வரும் பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 'சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புகள்' என்று ஒரு விருப்பப் பாடம் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். 3 கிரெடிட், 45 மணி நேரம். பாடத்திட்டத்தை நான்தான் எழுத வேண்டும்.

கிடைத்த மாதிரிகள் எல்லாம் ஒரே அச்சு. முதல் யூனிட்டில் வரலாறு: 1992-இல் பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 7750, 1996-இல் ஒரு நிறுவனம் தன் சுற்றுச்சூழல் பாதிப்பை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14001, அப்புறம் 2004, 2015 திருத்தங்கள். அடுத்த மூன்று யூனிட்டும் அந்தத் தரத்துக்குப் பிரிவு பிரிவாக விளக்கம். கடைசியில் ஆடிட். இதை நடத்தினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் திருவொற்றியூர், மணலி, எண்ணூர்க்காரர்கள். ஒருவர் வீட்டில் அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, இன்னொருவர் வீட்டில் கடலுக்குப் போகிறார்கள். இவர்களிடம் 'திட்டமிடு, செய், சரிபார், மேம்படுத்து' என்று வட்டம் போட்டுக் காட்டினால் போதாது என்று நினைக்கிறேன். ஆலைக்குள் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் வாசகர்:

சட்டத்தை முதலில் வையுங்கள் மேடம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். ஐ.எஸ்.ஓ. என்பது கம்பெனி தானாக விரும்பி எடுத்துக்கொள்வது, சட்டம் அப்படியில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் பட்டம் வாங்கி வருகிறவர்கள் நிறைய.

மணலி ஷிப்ட்:

மேடம், மணலியில் ஒரு ரசாயன ஆலையில் சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். பிரிவு எண் கேட்டால் டக்கென்று சொல்வார்கள். மழைநீர் வடிகால் மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டால் பதில் வராது. உங்கள் பாடத்தை அந்த மதகிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரமே ஒரு இசைவாணையைக் கையில் கொடுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குக் கொடுக்கும் கன்சென்ட்தான் அது. எவ்வளவு கழிவுநீர், எந்த வழியாக, என்ன அளவுக்குள் என்று எல்லாம் அதில் இருக்கும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொதுத் தரத்தையும் பக்கத்தில் வையுங்கள்: பி.எச். 5.5 முதல் 9 வரை, பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, எண்ணெய்ப் பசை 10. வேதியியல் மாணவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி, உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது ஆஸ்பெக்ட் ரிஜிஸ்டர். மொத்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, பாதி நேரத்தை இதற்கே கொடுத்தாலும் தகும். ஆலையில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் சுற்றுப்புறத்தை எங்கே தொடுகிறது என்று எழுதி மதிப்பெண் போடுவோம். பாதிப்பின் கடுமையை, நிகழும் வாய்ப்பால் பெருக்குவது வழக்கம். ஆபத்து அந்தப் பெருக்கலில்தான். தினமும் கொஞ்சம் சொட்டுகிற பம்ப்புக்குக் கடுமை 2, வாய்ப்பு 5 என்று 10 வரும். பத்து வருடத்தில் ஒருமுறை உடையக்கூடிய குழாய்க்குக் கடுமை 5, வாய்ப்பு 1 என்று 5 வரும். குழாய் பட்டியலின் அடிக்குப் போய்விடும். ஐ.எஸ்.ஓ. 14001-இன் 2015 பதிப்பு 6.1.2 பிரிவில், வழக்கமான இயக்கத்தோடு நிற்காமல் வழக்கத்துக்கு மாறான நிலைமைகளையும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய அவசர நிலைகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அவசர நிலையைப் பெருக்கலில் சேர்க்காமல் தனியாகவே முக்கியம் என்று குறிப்பதுதான் சரி.

நம் ஊரில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, எண்ணூர்க் கரையோரம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்காகக் குழாயைக் குளிர்வித்துக்கொண்டிருந்த நேரம். ஒன்று வெள்ளம், இன்னொன்று இயக்கம் தொடங்கும் முன் நடக்கும் தயாரிப்பு வேலை. இரண்டுமே சாதாரண நாளின் பட்டியலில் இடம்பெறாதவை. இந்த இரண்டையும் வைத்து ரிஜிஸ்டர் எழுதச் சொன்னால், 8.2 பிரிவில் அவசரத் தயார்நிலை என்று எதைச் சொல்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

ஆடிட்டை எழுத்துத் தேர்வாக வைக்காதீர்கள். உங்கள் வேதியியல் ஆய்வகத்தையே ஆடிட் செய்யச் சொல்லுங்கள். கரைப்பான் எங்கே கொட்டப்படுகிறது, ஆசிட் பாட்டிலில் லேபிள் இருக்கிறதா, சிந்தினால் மணல் வாளி எங்கே? சான்று இல்லாமல் 'குறைபாடு' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். அதைக் கற்றுக்கொள்ளவே ஒரு பருவம் வேண்டும்.

எண்ணூர் குப்பத்து ஆள்:

மணலி அண்ணன் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐ.எஸ்.ஓ. 4.2 பிரிவில் அக்கறையுள்ள தரப்பினர் என்று வருகிறது. ரிஜிஸ்டர்களில் அந்தக் கட்டத்தில் 'உள்ளூர் மக்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படகில் போகிறவருக்கும் இவர்களுக்கும் பாதிப்பு ஒன்றில்லை. எண்ணெய் வந்தால் இவர்கள் உடம்பிலேயே ஒட்டுகிறது, வலையும் இல்லை, படகும் இல்லை. மாணவர்கள் அதைப் பிரித்து எழுதட்டும்.

கூட்டிவருவதாக இருந்தால் ஐந்தாறு பேராக, வத்தத்தில், அதாவது தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் வாருங்கள் மேடம். முன்னாடியே ஊர் நிர்வாகிகளிடம் சொல்லிவிடுங்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுவந்து ஊரில் வாசித்துக் காட்டினால்தான் எங்களுக்கு அதில் பயன். எங்களிடம் கேட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய.

தண்டையார்பேட்டை விரிவுரையாளர்:

எல்லோருக்கும் நன்றி. வரலாற்றை ஒரே வகுப்பில் முடித்துவிடுகிறேன். அகமதிப்பீட்டில் பெரும்பங்கு ரிஜிஸ்டருக்கு, மீதி ஆய்வக ஆடிட்டுக்கு. ஊரில் வாசித்துக் காட்டுவதையும் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுகிறேன், அப்போதுதான் அடுத்து வருகிறவரும் செய்வார். மணலி சார், ஆலைப் பெயரை மறைத்து ஒரு படிவம் 5, அதாவது ஆலை வாரியத்துக்குக் கொடுக்கும் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை, கிடைக்குமா?

மணலி ஷிப்ட்:

தருகிறேன் மேடம். மார்ச்சோடு முடியும் ஆண்டுக்கான அந்த அறிக்கையைச் செப்டம்பர் 30-க்குள் வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர்ச் செலவையும் கழிவுநீர் அளவையும் இசைவாணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கணக்கு உதைக்கும் இடத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.